ஒளிந்து பேச மாட்டேன்

கப்பல் துறைமுகத்தை விட்டு முழுதாக விலகக்கூட இல்லை. அதற்குள் கடுகு பெரியப்பாவோடு மல்லுக்கு நின்றுவிட்டாள்.

கடுகு என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் சின்னவள். சூடு பட்டால் போதும், படபடவென்று பொரிந்துவிடுவாள்.

"எல்லாரும் போனை இதுல போடுங்க," என்று பெரியப்பா ஒரு துணிப்பையை விரித்துப் பிடித்தார். "வீட்டுல மூணு பேர் மூணு போனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்க. நான் வந்தா தலை நிமிர்ந்து பார்க்க ஆள் இல்ல. இந்த நாலு நாளாவது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம்."

பெரியப்பா தனிக்கட்டை. சொந்தமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எல்லாரையும் கப்பலில் அழைத்து வந்ததே அவர்தான். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்பா போட்டார். அம்மா போட்டாள். அண்ணன் அழாத குறையாகப் போட்டான். கடைசியாகப் பெரியப்பாவும் தன் போனைப் பைக்குள் விட்டார். பை, அறை அலமாரியில் இருந்த சின்ன லாக்கருக்குள் போனது.

"அவசரத்துக்கு ஒரு வைஃபை இணைப்பு வாங்கியிருக்கேன்," என்றார். "அதுவும் ஒரு நேரத்துல ஒரு போனுக்குத்தான் வேலை செய்யும். உயிர் போற அவசரம்னா மட்டும்."

கடுகு கையைத் தூக்கினாள். வகுப்பில் தூக்குவது போல.

"பெரியப்பா, நாளைக்குச் சாயங்காலம் எனக்கு வேணும். பம்பரத்தோட பேசணும்."

"உயிர் போற அவசரமா?"

"இல்ல. வாக்குக் குடுத்திருக்கேன்."

பம்பரம் கடுகின் உயிர்த்தோழி. ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். ஆனால் பேச ஆரம்பித்தால் சொற்கள் நின்றுவிடும். முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டு, வெளியே வர நேரம் எடுக்கும். கேட்பவர்களுக்கு அந்த நேரத்தைப் பொறுக்க முடியாது. மீதியைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். கடுகு மட்டும் முடிக்கமாட்டாள். காத்திருப்பாள்.

அந்தப் பம்பரம்தான் இப்போது மாணவர் தலைவர் தேர்தலில் நிற்கிறாள். நாளை மறுநாள் காலை, பள்ளி முழுவதும் கூடியிருக்க, மேடையில் பேச வேண்டும். அதற்கு முந்தின சாயங்காலம் ஒருமுறை முழுசாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். கேட்க ஒருத்தி வேண்டும்.

"ரெண்டு நாள் பேசாட்டா உன் சிநேகிதி ஓடியா போயிடுவா?" என்றார் பெரியப்பா. "முடியாதும்மா. உனக்கு ஒரு சலுகை குடுத்தா ஆளுக்கு ஒண்ணு கேட்பாங்க."

"அப்ப நானும் கப்பலைச் சுத்திப் பார்க்க மாட்டேன்."

"பார்க்காதே."

சொன்னபடியே மறுநாள் காலையில் கடுகு அறைக்கு வெளியே, நீளமான நடைவழியில், கம்பளத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மேல்தளத்தில் நீச்சல் குளம் இருந்தது. வளைந்து வளைந்து இறங்கும் சறுக்கு மரம் இருந்தது. அவள் போகவில்லை. துண்டுகளை அடுக்கிய தள்ளுவண்டியோடு வந்த அறைப் பணியாளர், "பாப்பா, கொஞ்சம் நகர்றீங்களா?" என்றார். நகர்ந்து, வண்டி போனதும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் அண்ணன் வந்தான். தலை ஈரமாக இருந்தது.

"ஏய், மக்கு. குளிக்கிற அறைக்குள்ள போய்ப் பேசு. அங்க வைஃபை சூப்பரா வருது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் சட்டைப்பையை லேசாகத் தட்டிக் காட்டினான். அதற்குள் அவன் போன் இருந்தது. "டார்ச் வேணும்னு அப்பாகிட்ட கேட்டு எடுத்தேன்."

"இந்தக் கப்பல்ல எங்க இருட்டு இருக்கு?"

"அதை அப்பா கேட்கல. அவர் தன் போனை அவசரமா எடுத்துட்டு இருந்தார்."

அண்ணன் போனதும் அம்மா வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தா, என் போன். போட்டோ எடுக்கன்னு வாங்கி வச்சேன். சாயங்காலம் பெரியப்பா தூங்கற நேரமா பார்த்து, ரெண்டு நிமிஷம் பேசிட்டு வெச்சுடு. எதுக்கு வீம்பு?"

"ஒளிஞ்சு பேச மாட்டேன்மா."

"ஏன்டி? எல்லாரும் அதைத்தானே பண்றோம்!" என்று சொன்ன பிறகுதான் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நடைவழியின் மறுமுனை வரை கதவுகள் சாத்தியே இருந்தன. காலுக்கடியில் எங்கோ கப்பலின் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் தனக்கே சரியாகத் தெரியாமல் இருந்த ஒன்றைக் கடுகு இப்போது தேடிப் பிடித்துச் சொன்னாள்.

"ஒளிஞ்சு பேசினா பயமா இருக்கும். யாராவது வந்துடுவாங்களோன்னு கதவையே பார்த்துட்டு இருப்பேன். 'சீக்கிரம் சொல்லுடி'ன்னு வாய்ல வந்துடும். அவகிட்ட எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நானும் சொன்னா, அப்புறம் அவளுக்கு யாரும்மா இருக்காங்க?"

அம்மா போனை மகளின் மடியில் வைத்தாள். "அப்ப எங்க பேசணுமோ அங்க பேசு," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

சாயங்காலம் உணவுக்கூடத்தில் குடும்பம் முழுவதும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தது. ஜன்னல் முழுக்கக் கடல். தேநீர் வந்தது. பெரியப்பா உணவு வகைகள் அச்சிட்ட பெரிய அட்டையை முகத்துக்கு நேராக விரித்து, வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கடுகு அம்மாவின் போனை மேசையின் நடுவில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள்.

"பெரியப்பா, நான் இப்ப பம்பரத்தோட பேசப் போறேன். அனுமதி கேட்கல. சொல்லிட்டுப் பேசறேன்."

அப்பாவின் கையில் இருந்த பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது.

"என்ன திமிர் உனக்கு!" அட்டைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "வேண்டாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. அதான் ஒளியாம உங்க முன்னாடியே பேசறேன். திட்டணும்னா பேசி முடிச்சதும் திட்டுங்க. ஓட மாட்டேன்."

அவள் வைஃபை இணைப்பைத் தொட்டாள். திரையில் ஒரு வரி தோன்றியது.

"இந்த இணைப்பில் இப்போது வேறு ஒரு போன் உள்ளது. அதை வெளியேற்றவா?"

கடுகு அதைச் சத்தமாகப் படித்தாள். பிறகு அண்ணனை முறைத்தாள்.

"நான் இல்ல!" அண்ணன் தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தான். "சத்தியமா இல்ல. இப்ப இல்ல."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா இருமினார். மெதுவாகத் தன் போனையும் எடுத்து வைத்தார். "நான் காலையில பேப்பர் படிச்சதோட சரி."

"அடப்பாவிகளா!" என்றது அட்டை. "ஒருத்தர்கூட ஒழுங்கு இல்லையா? எல்லாருமே திருட்டுத்தனமா?"

கடுகு "ஆம்" என்பதை அழுத்தினாள்.

அடுத்த நொடி அட்டைக்குப் பின்னால் ஓர் அலறல் கேட்டது.

"ஐயோ! கடை போச்சு!"

அட்டை சரிந்து விழுந்தது. பெரியப்பாவின் கையில் அவருடைய போன்! கடையில் மாட்டியிருக்கும் கேமரா வழியாக, அவர் கப்பலில் இருந்தபடியே கடையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

ஒரு கரண்டி கூட அசையவில்லை. அண்ணன் சிரிப்பை அடக்கி அடக்கிக் காது சிவந்துபோனான்.

"கணக்குப்பிள்ளை என் நாற்காலியில உட்கார்ந்துட்டு இருக்கான்," என்றார் பெரியப்பா, மிகச் சின்னக் குரலில். "காலை வேற ஆட்டறான்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கடுகு மட்டும் சிரிக்கவில்லை. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட பெரியவரின் முகம் அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

"உங்களுக்குக் கடை நினைப்பு, எனக்குப் பம்பரம் நினைப்பு. தப்பில்ல பெரியப்பா. பேசி முடிச்சதும் இணைப்பை உங்களுக்கே தர்றேன். ஆனா ஒண்ணு. எவ்வளவு நேரம் ஆகும்னு மட்டும் கேட்கக் கூடாது."

பெரியப்பா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, தன் போனையும் மேசையில் வைத்துவிட்டு, பேசு என்பதுபோலக் கையைக் காட்டினார்.

கடுகு பம்பரத்தின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டாள். மறுமுனையில் மணி அடித்தது. நடுக்கடலில் செல்போன் கோபுரம் கிடையாது. கப்பலின் உச்சியில் இருந்த வெள்ளை உருண்டை வானத்தில் எங்கோ சுற்றும் செயற்கைக்கோளைப் பிடித்து, அது பம்பரத்தின் வீட்டைப் பிடிக்க வேண்டும். குரல் அவ்வளவு தூரம் போய் வர வேண்டும்.

"க… கடுகு?"

"நான்தான்டி. இங்க எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் இருக்காங்க. இருக்கட்டுமா, போகச் சொல்லட்டுமா?"

நீண்ட அமைதி.

"இ… இருக்கட்டும். நாளைக்கு ஸ்கூலே இருக்கப் போகுது."

பம்பரம் ஆரம்பித்தாள். பள்ளித் தண்ணீர்க் குழாயைப் பற்றித்தான் பேச்சு. அது சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுவதில்லை, யாராவது பெரியவர்கள் தூக்கிவிடும் வரை தாகத்தோடு நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் சொல் சிக்கியது.

"அந்தக் கு… கு… கு…"

"குழாயா?" என்று அப்பா ஆசையோடு எடுத்துக்கொடுத்தார்.

"அப்பா!" கடுகின் கண்ணில் பொறி பறந்தது. "அது அவளோட வார்த்தை!"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. பம்பரம் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள். இந்த முறை அப்பா வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

பாதியில் குரல் நின்றது. முழுக்க நின்றுவிட்டது.

"கட் ஆயிடுச்சு," என்று அண்ணன் கிசுகிசுத்தான்.

"ஆகல. பாரு, நொடி ஓடிட்டு இருக்கு."

அது பம்பரத்தின் அமைதியா, கப்பலின் அமைதியா என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் எல்லாரும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஓர் அலை எழுந்தது, மடங்கியது. இன்னொன்று எழுந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். எவர் கையிலும் போன் இல்லை. இந்தப் பயணத்தில் முதன்முறையாக அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் இவ்வளவு நேரம் பார்த்தார்கள்.

"…தலைவியானால் குழாயைக் கீழே இறக்கச் சொல்லிக் கேட்பேன்," என்று குரல் திரும்பி வந்தது. "இறக்கற வரைக்கும் கே… கேட்டுட்டே இருப்பேன். நான் பேச நேரம் ஆகும். நீங்க கா… காத்திருக்கணும். அவ்வளவுதான்."

மேசையே கை தட்டியது. பெரியப்பா போனை நோக்கிக் குனிந்தார். "ஏம்மா, வெளியாள் ஓட்டுப் போடலாமா?"

பம்பரம் சிரித்தாள். சிரிப்பு மட்டும் அவளுக்கு எப்போதும் சிக்காது. சிரித்து முடித்ததும் குரல் மாறியது.

"கடுகு, இன்னிக்கு டீச்சர் கூப்பிட்டாங்க. நாளைக்கு எனக்குப் பதிலா வேற யா… யாராவது மேடையில படிக்கட்டுமான்னு கேட்டாங்க. யோசிச்சு, காலையில சொல்லச் சொன்னாங்க."

பதில் கடுகின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அது அவளுடைய வார்த்தை அல்ல.

"நீ என்ன சொல்லப் போறே?" என்று மட்டும் கேட்டாள்.

பெரியப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. கேள்வி வானம் வரை போனது. கடல் தாண்டியது. ஒரு வீட்டுக்குள் இறங்கியது. பதில் அதே வழியில், அவசரப்படாமல், வந்து சேர்ந்தது.

"மு… மு… மு… முடியாது!"

அவ்வளவு நீளமான, அவ்வளவு உறுதியான 'முடியாது' அந்தக் கப்பலில் அதற்கு முன் ஒலித்ததே இல்லை.