ஒத்திகை வால்வு

ஒத்திகை வால்வு ஒரு மணி நேரத்துக்குத்தான். பிறகு எடுத்துவிடுவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. மருத்துவமனையின் ஒத்திகைப் பிரிவு உதவியாளன் இளவழகன் சொன்னான்.

"எனக்கு அதுவே வேண்டாம் சார்" என்றாள் அமலோற்பவம். தூத்துக்குடி கடற்பேருந்தில் நடத்துநர். வயது இருபத்தொன்பது. "எனக்கு என்ன கொறச்சல்? ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரம் நின்னே வேல பாக்கேன். இப்பக்கூட மூணு மாடி ஏறித்தான வந்தேன்."

"எத்தன எடத்துல நின்னீங்க?"

"ஆறு. எல்லாரும் நிக்கதுதான?"

பிறவியிலேயே இதயம் பழுதானவர்கள் இப்படித்தான். கைக்குழந்தைப் பருவத்தில் அறுவை செய்து பிழைக்கவைத்திருப்பார்கள். நுரையீரலுக்குப் போகும் வாசலில் வால்வு மட்டும் ஒழுகிக்கொண்டிருக்கும். இதயம் வருடா வருடம் வீங்கும். அரை மூச்சோடு வளர்ந்தவர்களுக்கு அதுதான் முழு மூச்சு. அவரவர் செல்லிலிருந்தே வளர்த்தெடுக்கும் நிரந்தர வால்வு, வளர்வால்வு, தயாராக எட்டு மாதம் ஆகும். 'நல்லாயிருக்கேன்' என்பவர்களுக்கு வரிசையில் இடமில்லை. முழு மூச்சை ஒருமுறை விட்டுப் பார்த்தால்தான் தன் குறை தெரியும்; அதற்குத்தான் ஒத்திகை. ஒத்திகை வால்வு மடித்த குடைபோல் கழுத்து ரத்தக்குழாய் வழியே போய் உள்ளே விரியும்.

"புது வால்வு போடலைன்னா?" என்று கேட்டாள்.

"இதயம் ரெண்டு வருசம் தாங்கும். அப்புறம் எந்த வால்வும் பிரயோசனமில்ல."

ஒத்திகைக்குக் கையெழுத்துப் போட்டாள்.

மருத்துவர் வால்வை விரித்துவிட்டுப் போனார். கழுத்தில் ஒட்டிய குழாயோடு அமலோற்பவம் படியேறினாள். இளவழகன் பின்னால் போனான். ஆறாவது மாடிவரை அவள் நிற்கவில்லை. மேலே போய், ஏதோ வரவேண்டியது வரவில்லை என்பதுபோல் காத்திருந்தாள்.

"சார், நீங்கல்லாம் தெனமும் இப்படியா இருக்கீங்க?"

"ஆமா."

"சின்ன வயசுலேர்ந்தேயா?"

"ஆமா."

"ஒருத்தரும் சொல்லலியே."

அவன் மனைவி பூங்கோதையும் இதே படியில்தான் இதைக் கேட்டாள். அவளுக்கும் இதே பழுது; அழைத்துவந்ததே அவன்தான். கல்யாணமான இரண்டாவது வருடம். அதுவரை தையல் கடை நடத்தியவள், ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்ததும் படுத்தாள். சமையலறைவரை நடப்பதே மலையேற்றம் என்றாள். பொய்யில்லை. முன்பும் அப்படித்தான் நடந்திருக்கிறாள், அந்தக் கஷ்டத்துக்குப் பெயர் தெரியாமல். படுத்தே கிடந்ததில் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்தது. ஏழாவது மாதம் போய்விட்டாள். எட்டாவது மாதம் வால்வு தயார் என்று தகவல் வந்தது.

அதற்குப் பிறகும் அவன் இந்த வேலைக்கே வந்துகொண்டிருந்தான். வேறெங்கும் போகத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் ஆனது. மருத்துவர் வால்வை மடித்து உருவினார். அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை மூச்சிழுத்துப் பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று இளவழகன் கேட்டான். முடியவில்லை என்றாள். அதைப் பதிந்ததும் திரையில் வரிசை எண் வந்தது.

"எட்டு மாசம். அதுவரைக்கும் படுத்துராதீங்கம்மா. வேலைக்குப் போங்க. நடங்க. அது ரொம்ப முக்கியம். நேத்துவரைக்கும் நடந்தீங்கல்ல?"

"நேத்து எனக்கு இது தெரியாதே சார்" என்றாள். "கீழ எறங்கணும். ஒரு வீல்சேர் கொண்டாரச் சொல்லுங்க."