இருபது மடங்கு

ரெக்கார்டு பிளேயரின் தட்டு சுற்றவில்லை. ஊசிக்கை அதன் தாங்கியில் சும்மா கிடந்தது. ஆனாலும் ஸ்பீக்கருக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

நாகலெட்சுமி தீப்பெட்டியும் கையுமாக அப்படியே நின்றாள். விளக்கு வைக்கிற நேரம். அந்நேரத்துக்கு மண்டபம் ஊரில் கடல்காற்று கொஞ்சம் ஓயும். கருவாட்டு வாடை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த அமைதியில் பிழிந்த தண்ணீர் மணலில் சொட்டுவதும், சொட்டிய இடத்தை எதுவோ மிதித்துக் கடப்பதும் தெளிவாகக் கேட்டது.

எல்லாம் அந்தப் பெட்டி வந்த பிறகுதான். அவள் புருஷன் முத்துராமலிங்கத்துக்கு ராமநாதபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை. துபாயிலிருந்து வந்த ஒருத்தர் தலையில் கட்டிவிட்டுப் போன ரெக்கார்டு பிளேயரை ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். மற்ற ஊசிகளில் காந்தம் அசையும், இதில் மயிரிழைக் கம்பிச் சுருளே அசையும், சத்தம் பாலாக இருக்கும், ஆனால் எறும்பு நடக்கிற அளவுக்குத்தான் வரும் என்று சோற்றை ஆறவிட்டுப் பாடம் நடத்தினான். அதைத் தூக்கிவிட ஒரு பழைய ட்ரான்ஸ்பார்மர் வேண்டுமாம். முங்கிய கப்பலிலிருந்து எடுத்தது என்று சொல்லி ராமேஸ்வரத்து இரும்புக்கடைக்காரன் ஒன்றைக் கொடுத்தான். செங்கல் அளவுப் பெட்டி. எத்தனை துடைத்தாலும் காலையில் உப்புப் பூத்திருக்கும். அவன் தொட்டால் சும்மா இருக்கும். அவள் தொட்டால் சுரீரென்று கடிக்கும்.

உள்ளே இரண்டு சுருள் இருக்கிறது, ஒன்றையொன்று தொடாது, ஆனாலும் இதில் வந்த சத்தம் அதில் இருபது மடங்காகும் என்றான். தொடாமல் எப்படித் தாண்டுகிறது என்று கேட்டாள். அது அப்படித்தான் என்றான். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவே இல்லை.

பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் உர்ரென்று இரைந்தது. கொல்லைக் கதவைப் பார்த்து, கடல் பக்கமாக வைத்தால் மட்டும் இரைச்சல் அடங்கியது. அடங்கிய இடத்தில் ஒரு குரல் இருந்தது.

"லெட்சுமி."

சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை. தினமும் விளக்கு வைக்கும்போது இரண்டே தடவை. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு கூப்பிடுகிற குரல்.

சிலோன் ரேடியோ ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறது, ஒயரில் ஏறி வருகிறது என்று அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கு வைத்த பிறகு யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தடவைக்குத்தான் பதில் கொடுக்க வேண்டும், வேண்டாதது இரண்டுக்கு மேல் கூப்பிடாது என்பது அவள் பிறந்த ஊர்ப் பழக்கம். புருஷனையே வாசலில் மூன்று தடவை கத்தவிடுகிற பொம்பளை என்று அவன் கேலி செய்வான். நேற்று அவன் விளையாட்டாக ஸ்பீக்கரைப் பார்த்து யாருலே அது என்று கேட்கப் போக, அவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"இதத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு வாங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கன போவேன்?"

அவள் அழுததைப் பார்த்து இறங்கிவந்தான். நாளைக்கு ஆறு மணி பஸ்ஸில் வந்ததும் கழற்றிவிடுகிறேன் என்றான்.

இன்று மணி ஆறேகால். நாகலெட்சுமி பிளக்கைப் பிடுங்கினாள். கடித்தாலும் விடாமல் பெட்டியின் ஒயர்களையும் பிடுங்கினாள். சொட்டுகிற சத்தம் நிற்கவில்லை. மணலைத் தாண்டியது. துவைக்கிற கல்லைத் தாண்டியது. கொல்லைக் கதவுக்கு வந்தது.

உள்தாழ்ப்பாள் போட்டிருந்தாள். போட்டதுதானா?

"லெட்சுமி."

ஒரு விரலை மடக்கினாள்.

"லெட்சுமி."

இரண்டு. பாசி வாடை. முதுகுக்குப் பின்னால் குளிர். திரும்பவில்லை.

வாசல் கேட் கிரீச்சிட்டது. செருப்புச் சத்தம். பஸ் வந்துவிட்டது. அவன்தான். அவனேதான்.

"லெட்சுமி, கதவத் திற."

மூன்று.

"இந்தா வாரேன்."

நாக்குக்குப் பழகிப்போன பதில். சொன்ன பிறகுதான் மடக்கிய விரல்களைப் பார்த்தாள். அவன் கூப்பிட்டது ஒரே தடவை. முதல் இரண்டும் அவனுடையவை அல்ல.

பதிலும் அவள் உதட்டிலிருந்து வரவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வந்தது. இருபது மடங்காக.

வேண்டாம், உள்ளே வராதீர்கள் என்று கத்தினாள். காற்றுதான் வந்தது. எறும்பு நடக்கிற அளவுக்குக்கூடச் சத்தமில்லை.

வெளியே அவன் சிரித்தான். "என்னடி, இன்னைக்கு ஒத்தக் கூப்பாட்டுக்கே பதில் வருது?"

சிமெண்டுத் தரையில் ஈரமாக ஒரு கால்தடம் விழுந்தது. இன்னொன்று. அவளைத் தாண்டி, வாசலைப் பார்த்து. ஓடிப்போய்க் கதவை மறிக்க நினைத்தாள். கால் அசையவில்லை. வாசல் கதவின் தாழ்ப்பாள் தானாக விலகியது.

"உள்ள வாங்க," என்றது அவள் குரல், வாசலில் போய் நின்ற ஈரத் தடத்துக்கு மேலிருந்து.

முத்துராமலிங்கம் படியேறினான். மனைவியிடம் பேச அவன் எப்போதும் குனிவான். அவள் அவன் தோளுக்குக் கீழேதான். இன்று அந்தச் சிரிப்பு மாறாமலே, குரல் வந்த இடத்தைத் தேடி அண்ணாந்து பார்த்தான்.