பிழை வந்தால் தாண்டிப் போ

பிற்பகல் மூன்று மணி. டயாலிசிஸ் வார்டில் மதிய முறை முடிந்திருந்தது. மாலைக்கு இன்னும் ஆள் வரவில்லை. மருந்து வாடை. இயந்திரங்களின் மெல்லிய முனகல்.

புரோகிராமர் பையை மேசையில் இறக்கினான்.

"வாங்க தம்பி. புது மாப்பிள்ளையைக்கூட இவ்வளவு கெஞ்சிக் கூப்பிட மாட்டாங்க," என்றார் ஹெட் நர்ஸ். முகத்தில் சிரிப்பில்லை. "நாளைக்கு விசாரணை. நான்தான் அந்தப் பெரியவரைக் கூப்பிடாம விட்டேனாம். கம்ப்யூட்டர் ஷீட்ல அவர் பேரே வரலைன்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. ஏன் வரலைன்னு பாத்துச் சொல்லுங்க. இந்த வேலைய விட்டா எனக்கு வேற போக்கில்ல."

அவன் பார்க்கத் தேவையே இல்லை.

அன்றைய நோயாளிகளை டேட்டாபேஸிலிருந்து ஷீட்டுக்கு இழுத்துவரும் மேக்ரோ என்ற குட்டி நிரல் அவன் எழுதியது. அடிக்கடி எரர் காட்டி நிற்கிறது என்று நர்ஸுகள் திட்டியபோது, சோம்பலில் ஒரு வரி சேர்த்தான். பிழை வந்தால் தாண்டிப் போ.

பெரியவருக்குத் தன் பிறந்த தேதி தெரியாது. அந்தக் கட்டம் காலி. மேக்ரோ அவரைத் தாண்டிப் போனது. அவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார், யாரையும் கேட்காமல். விளக்குப் போட வந்தவர்கள் பார்த்தபோது உட்கார்ந்தபடியே இறந்திருந்தார்.

"பாக்குறேன் சிஸ்டர்."

ஹெட் நர்ஸ் டீ வாங்கப் போனார். அவன் அந்த வரியை அழித்தான். சேமித்தான். பழி அந்த அம்மாள் தலையில் விடியட்டும்.

சரிபார்க்க மேக்ரோவை ஓட்டினான். மாலைக்கான பெயர்கள் இறங்கின. கடைசியில் பெரியவர் பெயர்.

பழைய தகவல் எங்கோ தங்கியிருக்கிறது என்று நினைத்தான். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான். இனி டேட்டாபேஸ் எட்டாது. எரர்தான் வர வேண்டும். மறுபடி ஓட்டினான்.

எரர் வரவில்லை.

ஒரே ஒரு பெயர் வந்தது.

கேபிள் அவன் கையில் இருந்தது.

இயந்திரங்களின் முனகல் அடங்கியது. வெளியே பெஞ்ச் கிரீச்சிட்டது, வெகுநேரம் உட்கார்ந்தவர் எழுவதுபோல. செருப்பு தரையில் தேய்ந்து வந்தது. மெதுவாக. அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

அவன் திரும்பவில்லை. அழித்த வரியை எழுத்தெழுத்தாக மீண்டும் தட்டினான்.

"நான்தான் எழுதினேன்," என்றான். "சிஸ்டர் இல்ல. நான்தான். நாளைக்குச் சொல்லிடுறேன்."

கழுத்தில் குளிர்ந்த மூச்சு பட்டது.

"அது கிடக்கட்டும் தம்பி. இப்பவாவது என் பேரு வந்துடுச்சா?"