கையுறைத் தொட்டி

கேபிளைப் பிடுங்கிய பிறகும் மெஷின் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ரெங்கராஜ் கையிலிருந்த நீல வயரின் முனையைப் பார்த்தான். பிறகு லேப்டாப்பைப் பார்த்தான். இருக்கிறாயா என்று அது கேட்கக் கேட்க, இருக்கிறேன், இருக்கிறேன் என்று கறுப்புத் திரையில் வரி வரியாகப் பதில் விழுந்தது. மதியம் முழுக்க வயர் செருகித்தான் இருந்தது; அப்போது ஒரு பதிலும் இல்லை. வயரை மாற்றினான், ரவுட்டரை அணைத்துப் போட்டான், எதற்கும் மசியவில்லை. பிடுங்கி எறிந்ததும் பேசுகிறது, சரக்கே வேண்டாம் என்று படியிறங்கிய பிறகு விலையைக் குறைத்துக் கூப்பிடும் கடைக்காரனைப் போல.

பெரிய கடை வீதியில் பாத்திரக் கடை வைத்துப் பிழைத்த குடும்பம் அவனுடையது. அவன் மட்டும் திருவானைக்காவலில், கொள்ளிடக் கரையை ஒட்டிய தகர ஷெட்டில் சோதனைக்கூடம் வைத்திருந்தான். மின்கம்பம் ஏறுகிறவர்கள் மாட்டும் ரப்பர் கையுறைகளைச் சோதிக்கும் இடம். கையுறைக்குள் தண்ணீர் நிரப்பி, விரல்கள் கீழே தொங்கத் தொட்டித் தண்ணீரில் இறக்கி, உள்ளும் புறமும் கம்பி விட்டு, டெஸ்டர் என்கிற மெஷினால் உயரழுத்த மின்சாரம் ஏற்றுவார்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் தெரிந்துவிடும். டெஸ்டரை முடுக்குவது லேப்டாப்.

பழைய டெஸ்டரை இயக்கியவர் அழகிரி. ஆடி மாதம் அந்தத் தொட்டியில் கை வைத்தபடியே செத்துப்போனார். மெஷினும் அன்றே புகைந்தது. புதியதற்குத் தனி நெட்வொர்க் முகவரி கொடுத்தால் சாஃப்ட்வேர்காரன் திரும்பவும் பணம் கேட்பான். எதற்குத் தண்டம் என்று பழையதன் முகவரியையே இதற்குச் சூட்டிவிட்டான் ரெங்கராஜ். யாரிடமும் ஏமாறாத சாமர்த்தியம்.

"அண்ணே, ஆச்சா?" உள்ளறையிலிருந்து தைரியராஜின் குரல். அழகிரியின் இடத்துக்குப் புதிதாக வந்தவன்.

"ஆகுது, ஆகுது. நீ கையுறைய எல்லாம் தொட்டியில இறக்கு."

"பேருதான் தைரியராஜ். இதுல கை வுடவே பயமா இருக்குண்ணே."

"அப்ப பேர மாத்திக்கடா."

தைரியராஜ் சிரித்தது கேட்டது. கூடவே தண்ணீர் சலசலத்தது.

ஒரே முகவரியில் இரண்டு மெஷின் இருந்தால் இப்படி நடக்கும். ஒன்றைக் கூப்பிட்டால் மற்றது ஏன் என்று கேட்கும். அவ்வளவுதான் சங்கதி என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பிரிண்டரை அணைத்தான், கேமராவை அணைத்தான், மேஜையில் கிடந்த மீட்டரையும் அணைத்தான். திரையில் பதில் விழுவது நிற்கவில்லை. வெளியே ஐப்பசி மழை தகரத்தின் மேல் சரளைக் கல்லைக் கொட்டுவதுபோல் கொட்டியது. நனைந்த சாக்கின் நாற்றமும் ரப்பரின் நெடியும் கலந்து தொண்டையில் படிந்தன. அந்த நெடிக்கு அடியில் எங்கிருந்தோ மெலிதாக ஒரு வெற்றிலை வாசனை. அழகிரி போன பிறகு ஷெட்டில் வெற்றிலை போடுகிறவர் யாருமில்லை.

முகவரியை பிரவுசரில் அடித்தான். பக்கம் திறந்தது.

பழைய டெஸ்டரின் பக்கம். அதே பச்சைப் பட்டை, அதே கோணல் எழுத்து. பாலக்கரை காயலான் கடையில் அந்த மெஷின் சம்மட்டியடி வாங்கி நொறுங்கியதை ரெங்கராஜ் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். எடைக்குப் பேரமும் பேசியிருக்கிறான்.

பட்டையின் கீழே வோல்டேஜ் சுழியத்தில் நின்றது. பிறகு நகர்ந்தது.

ஆயிரம்.

நின்றது. வாயிலிருப்பதைக் கன்னத்தில் ஒதுக்குகிற நேரம்.

இரண்டாயிரம். மறுபடி அதே நிறுத்தம்.

மெஷின் தானாக ஏற்றினால் வழுக்கிக்கொண்டு ஒரே சீராக ஏறும். இப்படிப் படி படியாக, ஒவ்வொரு படியிலும் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு ஏற்றுகிற கை ஒன்றே ஒன்றுதான்.

"டேய், கைய எடு! தண்ணியிலேருந்து கைய எடுடா!"

மழைச் சத்தம் குரலை விழுங்கியது.

உள்ளறைக் கதவு திறந்திருந்தால் தொட்டியில் மின்சாரம் ஏறக் கூடாது. அதற்கென்று கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. ஒவ்வொரு தரமும் கதவை மூடித் திறந்தால் வேலை இழுக்கும் என்று, அதைக் கட்டுக்கம்பியால் அழுத்திக் கட்டி வைத்திருந்தார்கள். அழகிரி காலத்திலும் அப்படித்தான். இப்போதும் அப்படித்தான்.

மூவாயிரம்.

ரெங்கராஜ் பாய்ந்து மெயின் சுவிட்சை இறக்கினான். விளக்கு போனது. ஃபேன் நின்றது. ரவுட்டரின் சின்ன வெளிச்சமும் செத்தது. ஷெட்டில் இனி ஒரு சொட்டு மின்சாரம் இல்லை.

லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஒளிர்ந்தது. அதில் எண் நிற்கவில்லை.

நாலாயிரம்.

செல்போன் வெளிச்சத்தோடு உள்ளறைக்கு ஓடினான். வாசலில் கால் நின்றுவிட்டது.

தைரியராஜ் தொட்டிமேல் குனிந்திருந்தான். முழங்கை வரை தண்ணீருக்குள். முதுகு விறைத்திருந்தது. தலை மட்டும் மெல்லத் திரும்பியது.

"எடுக்க முடியலண்ணே." குரல் சன்னமாக வந்தது. "பிடிச்சிருக்காங்க."

வெளிச்சத்தைத் தொட்டிக்குள் பாய்ச்சினான். செங்கல் நிறக் கையுறைகள் தண்ணீர் குடித்து உப்பிப்போய்ச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கின. அவற்றில் இரண்டு தைரியராஜின் மணிக்கட்டுகளைச் சுற்றியிருந்தன. ரப்பர் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. இறுகின.

கருகும் வாடை.

"இழுங்கண்ணே."

ஒரு கை நீட்டும் தூரம். ரெங்கராஜ் கையை நீட்டினான். தோளைத் தொட ஒரு விரல்கடை இருக்கும்போது மயிர்க்கால்கள் குத்திட்டன. தொட்டால் இரண்டு பேர். தொடாவிட்டால் ஒருவன். பிறந்ததிலிருந்து பழகிய கணக்கு; மனசு அதை அவனைக் கேட்காமலே போட்டு முடித்துவிட்டது.

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

தைரியராஜ் அதைப் பார்த்தான். அப்புறம் எதையும் பார்க்கவில்லை.

மழை சட்டென்று ஓய்ந்தது. தொட்டியில் மிச்சமிருந்த கையுறைகள் அத்தனையும் தண்ணீர் சொட்டச் சொட்ட, விரல்களை விரித்துக்கொண்டு, ரெங்கராஜ் நின்ற பக்கமாக மெல்ல எழும்பின.