டாரதியைத் தண்ணீரில் தள்ளு!

"ஐயோ! முகத்தைக் காணோம் சார்!"

கான்ஸ்டபிள் பரஞ்சோதி அலறினான்.

மெர்போக் ஆற்றுச் சேற்றில் கிடந்த பிணத்தின் முகத்தை நண்டுகள் ஆசை தீரத் தின்றிருந்தன. இன்ஸ்பெக்டர் இஞ்ஞாசிமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

செத்தவன் மோரிஸ். பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணி; ஆபீஸ் கணக்கெல்லாம் அவன் கையில்.

பிணத்தைவிட அதிகமாகக் குமட்டியது அவன் தம்பி ஏசுதாசனின் அவசரம்!

"மண்டையில அடி பாருங்க சார். படகுல பாய் கட்டுற கட்டை காத்துல திரும்பி அடிச்சிருக்கு. சனிக்கிழமை தனியா போனாரு. நல்லா குடிச்சிருந்தாரு. நேத்து காலையில படகு மட்டும் மிதந்து வந்துச்சு. நான்தான் கரையில இழுத்துப் போட்டேன். ஒரு சைன் போடுங்க லா… இன்னைக்கே அடக்கம் பண்ணிடலாம்."

பக்கத்தில் மோரிஸின் மனைவி ஜெனவீவ். கறுப்புச் சேலை. ஓயாத ஒப்பாரி.

குடித்திருந்தானாம்! கிறிஸ்துமஸுக்குக்கூட ஒயினைத் தொடாதவன் மோரிஸ். இஞ்ஞாசிமுத்துவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கையெழுத்து விழுந்தால் போச்சு… குடிகாரன் என்ற பெயரோடு குழிக்குள் போவான்!

படகைப் பார்த்தார்.

'டாரதி'. உலகச் சண்டை முடிந்த கையோடு வெள்ளைக்காரத் துரை கட்டிய சின்ன மரப் படகு. ஒற்றைப் பாய். குட்டிக் கேபின். துரை நாலு வருஷத்துக்கு முன், எழுபதில் ஊருக்குக் கப்பலேறியபோது மோரிஸிடம் விட்டுப்போனார். மோரிஸ் அதற்கு வார்னிஷ் அடித்தே பாதிச் சம்பளத்தைத் தீர்த்தான்.

கேபினுக்குள் தலையை நுழைத்தார்.

புகை நாற்றம்! ரப்பர் ஷீட் காய வைக்கும் ஸ்மோக் ஹவுஸ் நாற்றம்!

ஏசுதாசனுக்கு அங்கேதான் வேலை…

"ஏசு, உள்ள ஏறு. படகைத் தள்றோம். அண்ணன் எங்க நின்னு அடி வாங்கியிருப்பாருன்னு காட்டு."

"இ… இப்பவா சார்?"

"நேத்து வரைக்கும் மிதந்த படகுதானே? ஏறுடா!"

தள்ளினார்கள்.

நடு ஆற்றுக்குக்கூடப் போகவில்லை. பலகைக்குப் பலகை விரிசல். குபுகுபுவென்று தண்ணீர்!

மரப் படகு தண்ணீரில் கிடந்தால்தான் பலகை ஊறி உப்பி, இடைவெளியை அடைக்கும். இதுவோ அப்பளமாகக் காய்ந்திருந்தது. நேற்று மிதந்து வந்ததாம்… பச்சைப் பொய்!

"சார்! எனக்கு நீச்சல் தெரியாது!"

"உண்மை தெரியுமில்ல? அதைச் சொல்லு!"

"கேபின்ல எங்களைப் பார்த்துட்டாரு! சுத்தியலால அடிச்சு ஆத்துல தள்ளிட்டேன்… ரத்தத்தைக் கழுவினேன்… ஈரம் காயட்டும்னு படகை டிராக்டர்ல இழுத்துட்டுப் போயி ரெண்டு நாள் ஸ்மோக் ஹவுஸ்ல வச்சேன்… காப்பாத்துங்க சார்!"

தோட்டத்துப் புத்தி! ஈரமாக எதைக் கண்டாலும் ஸ்மோக் ஹவுஸுக்கு இழுத்துக்கொண்டு ஓடும் புத்தி!

"எங்களைன்னா… கூட யாருடா?"

ஒப்பாரி சட்டென்று நின்றது.

"மடையா!" ஜெனவீவ் கத்தினாள். "துணியால தொடைச்சு வெயில்ல நிறுத்துன்னுதானே சொன்னேன்! உன்னை எவன்டா ஸ்மோக் ஹவுஸ்ல வைக்கச் சொன்னான்?"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

அண்ணி! கொழுந்தன்! அதுவும் புருஷன் பார்த்துப் பார்த்து மெருகேற்றிய படகிலேயே!

சீ!

இஞ்ஞாசிமுத்து காறித் துப்பினார்.

பரஞ்சோதி நீந்திப் போய் ஏசுதாசனைத் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தான். விலங்கு மாட்டினான்.

ஜெனவீவ் நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போயி சேலையை மாத்திட்டு வந்துடறேன் சார்."

"எதுக்கு வீண் அலைச்சல்? நீங்க போற இடத்துல அவங்களே புதுசு குடுப்பாங்க!"