அரக்கி வேடம்

கேக் வெட்டி முடிப்பதற்குள் படம் தயாராகிவிட்டது. வாசலில் நுழைந்த ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் கதைவார்ப்பி என்ற பொறி பிடித்துவைத்திருந்தது. திருப்பூரில் இப்போது அது இல்லாமல் பிறந்தநாள் விழா கிடையாது. வந்த குழந்தைகளையே பாத்திரங்களாக்கி, ஒரு கார்ட்டூன் படத்தை அங்கேயே செய்து சுவரில் ஓட்டும்.

அன்று பிறந்தநாள் கொண்டாடிய தன்விகா படத்தில் இளவரசியாக வந்தாள். அவளுடைய தோழிகள் தேவதைகள். ஏழு வயது அமாரா மட்டும் மனிதரைத் தின்னும் காட்டு அரக்கி. கழுத்தில் எலும்பு மாலை, ஊதிப் பெருத்த உதடு, பேச்சே வராமல் ஏதோ உளறிக்கொண்டு குதித்தாள். கூடமே சிரித்தது. பஜ்ஜித் தட்டோடு நின்ற பெரியவர்கள் குழந்தைகளைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

அமாராவின் அம்மா கோகிலவாணி வாயிலிருந்த கேக்கை விழுங்கவில்லை. காகிதத்தில் துப்பினாள். அவள் பெருமாநல்லூர்க்காரி. கணவன் ஒபின்னா, லாகோசிலிருந்து பனியன் கொள்முதலுக்கு வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டவன். மகளுக்கு அப்பாவின் நிறம், அப்பாவின் சுருள்முடி. போன விழாக்களிலும் அவளுக்கு இதே வேடந்தான்.

"குழந்தைங்க படந்தானுங்க்கா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள் தன்விகாவின் அம்மா. சொல்லும்போதே அவள் உதட்டோரத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது. அதைவிட அருவருப்பானது அடுத்து நடந்தது. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு அரக்கி மாதிரி செய்துகாட்டச் சொன்னதும் அமாரா பல்லைக் காட்டி உறுமினாள். கைதட்டு கிடைக்கவே இன்னொரு முறை உறுமினாள்.

மறுநாள் கோகிலவாணி, கதைவார்ப்பியை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் பொறியாளர் பரணிதரனிடம் சண்டைக்குப் போனாள். நிறம் பார்க்கச் சொல்லி அதில் எதுவும் எழுதவில்லை என்றான் அவன். பொறி பார்ப்பது விழித்தயக்கத்தை மட்டும். ஒரு முகத்தை ஒரு வேடத்தில் மனம் ஏற்கவில்லையென்றால் பார்ப்பவரின் கண் ஒரு நொடிக்கும் குறைவாகத் தடுமாறும். தடுமாற்றமில்லாத படத்தைத்தான் மக்கள் ரசிக்கிறார்கள். யாருக்கு எந்த வேடம் கொடுத்தால் கண்கள் தடுமாறாது என்பதை விழாவுக்கு விழா அது கற்றுக்கொண்டது. அமாராவை அரக்கியாக்கினால் ஊரில் ஒரு கண்ணும் தடுமாறுவதில்லை.

"அப்ப மெஷின் மேல தப்பில்ல, ஊரு புத்தியே அப்படித்தாங்கறீங்க."

"நான் சொல்லலீங்க. அளந்தா அப்படித்தான் வருது."

என்ன நாசூக்கான அயோக்கியத்தனம். ஊரின் அழுக்கை வழித்தெடுத்து, வண்ணம் பூசி, பிள்ளைகளுக்கே பரிமாறுகிறார்கள். கேட்டால் அளவாம்.

அடுத்த மாதம் அமாராவுக்குப் பிறந்தநாள் வந்தது. கோகிலவாணி பரணிதரனிடம் பொறியின் விதியைத் திருப்பிப் போடச் சொன்னாள். அமாரா ராணியாக வர வேண்டும். அரக்கி கடைசிவரை முகமூடியோடு திரிய வேண்டும். படம் ஓடும்போது ராணியைப் பார்த்து யார் கண் அதிகமாகத் தடுமாறுகிறதோ, பெரியவரானாலும் அவர் முகம் அந்த முகமூடிக்குள் இருக்க வேண்டும். விதி வாடிக்கையாளரின் விருப்பம் என்பதால் பரணிதரன் மறுக்கவில்லை. போட்ட பிறகு மாற்ற முடியாது, யாராக இருந்தாலும் பொறி விடாது என்று மட்டும் எச்சரித்தான்.

"விடக்கூடாது. அதுக்குத்தான் கேக்கறேன்."

விழாவில் தன்விகாவின் அம்மாவைக் கோகிலவாணியே முன்வரிசையில் உட்காரவைத்தாள். விளக்கு அணைந்தது. யானை மேல் ராணி வந்தாள். கருத்த முகம் சுவர் முழுக்க நிறைந்தது, சுருள்முடியின் மேல் கிரீடம். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ நெளிந்தார்கள், யாரோ இருமினார்கள். நன்றாக மாட்டிக்கொண்டீர்கள் என்று கோகிலவாணிக்கு உள்ளூர இனித்தது. மகள் அவள் மடியில் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சியில் ராணி வாளை வீசி அரக்கியின் முகமூடியைத் தட்டிவிட்டாள். உள்ளே இருந்ததும் அமாராவின் முகந்தான்.

பொறி கெட்டுவிட்டதென்று கோகிலவாணி கத்தினாள். பரணிதரன் அளவுகளை மறுபடி பார்த்தான். பொறியில் ஒரு கோளாறும் இல்லை. ராணியைக் கண்டு அந்தக் கூடத்திலேயே அதிகமாகத் தடுமாறிய கண்கள் பிறந்தநாள் குழந்தையுடையவை. முன்வரிசையில் தன்விகாவின் அம்மா பெருமூச்சு விட்டு, பக்கத்திலிருந்த பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டாள்.

கோகிலவாணிக்கு அந்தக் கூடத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தன்னைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. அம்மா ஏன் அழுகிறாள் என்று அமாராவுக்கு விளங்கவில்லை. தன் சிறு கையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"மெஷின் சரியாத்தான்மா போட்டிருக்கு. அது நான்தான். மொதல்ல யானை மேல வந்தது யாருன்னுதான் எனக்குத் தெரியல."