இடப்பக்கச் சக்கரம்

நண்பகல் வெயிலில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பழைய டயர்களை அடுக்கி வேலி கட்டியிருந்த பட்டறைக்குள் அவள் காரைத் திருப்பினாள். காரின் பின்னால் கோத்து இழுத்து வந்த வீட்டு வண்டி ஒருமுறை முனகிவிட்டு நின்றது. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஓர் அலமாரி, ஒரே ஒரு கதவு, இரண்டு சக்கரங்கள். ஒன்பது ஆண்டுகளாக அவளுக்கு வாய்த்த வீடு அவ்வளவுதான்.

பட்டறைக்காரரை எல்லோரும் அச்சாணி என்றே அழைத்தார்கள். உருவம் சிறியது, குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது.

"எங்கம்மா போகணும்?"

"தங்கச்சி வீட்டுக்கு. மூணு மணி நேரம் ஓடணும். இடது பக்கம் ஏதோ பிடிக்குதுண்ணே."

"பேரிங் காஞ்சிருக்கும். நாக்கு வறண்டா மனுஷனே பேச மாட்டான், சக்கரம் மட்டும் எப்படி ஓடும்?"

அவர் கிரீஸ் டப்பாவைத் திறந்தார். அந்த வாசனை எழுந்ததும் அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

அவள் கணவன் எந்த ஊரிலும் ஓராண்டு தங்கியதில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு தோழி கிடைத்துவிட்டால் போதும்; மறுநாள் காலையில் சக்கரங்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கிரீஸ் வாசனை வந்தால் மூட்டை கட்ட வேண்டும் என்று பொருள். ஓசையும் அவனுக்கு ஆகாது. வண்டிக் கதவின் கீல்களிலும் கிரீஸ் தடவி வைத்திருந்தான். அவன் உள்ளே நுழைவதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பிடரியில் மூச்சுப் படும்போதுதான் தெரியும்.

அவன் இறந்து ஐந்து வாரம் ஆகிறது.

நேற்றுத் தொலைபேசியில் தங்கை சொல்லியிருந்தாள்: "கிளம்பி வாக்கா. என் வீட்டுக் கதவு கழுதை மாதிரி கத்தும், தெருவே திரும்பிப் பாக்கும். எவனும் சத்தமில்லாம உன் பின்னால வந்து நிக்க முடியாது."

அந்தக் கதவின் சத்தத்துக்காகவே அவள் போய்க்கொண்டிருந்தாள்.

அச்சாணி வண்டியின் கருவிப் பெட்டியைக் குடைந்து, ஆப்பு வடிவில் சீவிச் சிவப்புச் சாயம் பூசிய மரக்கட்டை ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். "இத அந்தப் பக்கச் சக்கரத்துக்கு முட்டுக் குடும்மா. நான் இங்க ஜாக்கி போடறேன். வண்டி நழுவிச்சுன்னா என் கதை முடிஞ்சுது."

அவள் கை நீளவில்லை.

"கட்டைதானேம்மா, கடிக்கவா போகுது?"

"நீங்களே வெச்சுடுங்கண்ணே."

ஐந்து வாரத்துக்கு முன் இதே கட்டையைத்தான் அவன் கேட்டான். இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சுக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, "கட்டைய வைடி" என்றான். அவள் வைக்கவில்லை. கட்டையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். வண்டி நகர்ந்தது, ஜாக்கி சாய்ந்தது. விபத்து என்றார்கள் எல்லோரும், சக்கரத்தைத் திரும்ப மாட்டிக் கொடுத்தவர்களும்தான். அவளும் மறுத்துப் பேசவில்லை.

வலப்பக்கச் சக்கரத்தில் குறையொன்றும் இல்லை. அதை முடித்துவிட்டு, இடப்பக்கத்துக்கு வந்தார் அச்சாணி. மூடியைத் தட்டிக் கழற்றி, நட்டைத் திருகி, சக்கரத்தை உருவி எடுத்தார். பிறகு சிரித்தார்.

"முன்னாடி கிரீஸ் வெச்ச ஆளுக்கு ஒரு விரல் கம்மியா?"

அச்சு முனையில் கரிய கிரீஸ் அப்பியிருந்தது. அதை யாரோ இறுகப் பற்றியிருந்த தடம் அதில் பதிந்திருந்தது. சுண்டுவிரல் தெரிந்தது, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் தெரிந்தன. மோதிர விரலின் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"என் வீட்டுக்காரர்" என்றாள். "இடது கையில அந்த விரல் கிடையாது."

"இன்னும் ஈரமா இருக்கே. காலையில வெச்ச மாதிரி."

அவள் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அச்சாணி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். நீல நிறப் புது கிரீஸை உள்ளங்கையில் உருட்டி வைத்து, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தார். உருளைகளின் இடுக்குகளில் கிரீஸ் புழுப்போல நெளிந்து மறுபுறம் வந்தது. சக்கரத்தை மாட்டி, நட்டை இறுக்கி, மீண்டும் சற்றே தளர்த்தினார். "ரொம்ப இறுக்கினாலும் கெட்டுது, ரொம்ப விட்டுட்டாலும் கெட்டுது. குடும்பம் மாதிரிதாம்மா."

சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டார்.

மூன்று சுற்றுச் சுற்றியது. நின்றது.

வேகம் குறைந்து நிற்கவில்லை. பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது.

மறுபடி சுழற்றினார். அதே மூன்று சுற்று. அவருடைய சிரிப்பு அடங்கியது. மீண்டும் மூடியைக் கழற்றினார், சக்கரத்தை உருவினார்.

நீல கிரீஸைக் காணவில்லை.

உள்ளே எல்லாம் கரிய கிரீஸாக இருந்தது. அச்சு முனையில் அதே விரல்கள், அதே வெற்றிடம். இம்முறை கட்டைவிரலும் பதிந்திருந்தது.

அச்சாணி நெடுநேரம் கையைத் துடைத்தார். அந்தப் பெரிய குரல் இப்போது காதருகே கிசுகிசுப்பதுபோல் வந்தது.

"ஒரு நத்தைக்குத் தன் வீடே பிடிக்கலையாம். விட்டுட்டு ஓடிடணும்னு நாள் பூரா ஓடுச்சாம். அப்பாடா, தப்பிச்சோம்னு நின்னு மூச்சு விட்டுச்சாம். 'என்ன நின்னுட்டே?'ன்னு முதுகுலேர்ந்து கேட்டுச்சாம் வீடு." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "வண்டிய இங்கயே விட்டுட்டுப் போ, தங்கச்சி."

"என் துணிமணி, பாத்திரம் எல்லாம் இதுலதான் இருக்கு. அவருக்கு ஒன்பது வருஷம் விட்டுக் குடுத்துட்டேன். இனிமே ஒரு கரண்டிகூட விட மாட்டேன்."

அவர் மறுபடியும் கழுவி, மறுபடியும் நிரப்பி, சுழற்றிப் பார்க்காமலே மூடினார். "அரை மணி ஓடினதும் நிறுத்து. சக்கரத்து நடுவுல புறங்கையால தொட்டுப் பாரு. வெதுவெதுன்னு இருந்தா நல்லது. சுட்டா நகராதே."

"சில்லுனு இருந்தா?"

"ஓடின சக்கரம் எப்படிம்மா சில்லுனு இருக்கும்?"

அவள் கார் வாசலைத் தாண்டும்போது அவர் பின்னாலிருந்து கத்தினார்: "கட்டைய விட்டுட்டுப் போறியே!"

"நீங்களே வெச்சுக்கங்க!"

அரை மணி நேரம் கழித்து, நிழலற்ற சாலையோரத்தில் அவள் இறங்கினாள். தார் வெயிலில் இளகி மணத்தது. வலப்பக்கச் சக்கரத்தைத் தொட்டாள். வெதுவெதுப்பு, சொன்னபடியே. சுற்றி வந்து இடப்பக்கம் குனிந்தாள்.

புறங்கை பனிக்கட்டியில் ஒட்டியதுபோல் ஒட்டிக்கொண்டது.

இழுத்தாள். வரவில்லை.

உள்ளிருந்து தட்டும் ஓசை கேட்டது. ஒரு தட்டு. சிறு இடைவெளி. பின்னர் இரண்டு தட்டு.

சோறு தாமதமானால் மேசையில் அவன் விரல்கள் போடும் தாளம் அது. சுண்டுவிரல், இல்லாத விரலுக்கு ஓர் இடைவெளி, நடுவிரல், ஆள்காட்டி விரல்.

தோல் உரியக் கையைப் பிடுங்கிக்கொண்டாள். வண்டியையும் காரையும் கோத்திருந்த கொக்கியை விடுவித்தாள், சங்கிலியைக் கழற்றினாள், விளக்குக் கம்பியை அறுத்தாள். ஒரு கரண்டிகூட எடுத்துக்கொள்ளவில்லை. காரைக் கிளப்பி நூறு அடி போனபின் கண்ணாடியில் பார்த்தாள்.

அவள் பூட்டியிருந்த வண்டிக் கதவு அகலத் திறந்திருந்தது.

அதன்பின் அவள் எங்கும் நிறுத்தவில்லை. தங்கை வீட்டு வாசலில் கார் நின்றபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்வீட்டுப் படியில் ஒரு பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். அந்தக் கழுதைக் கத்தலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

கதவு திறந்தது.

ஓர் ஓசையும் இல்லை.

"வாக்கா வா!" என்ற தங்கை, கதவைத் திரும்பிப் பார்த்து வியந்தாள். "அடடே, என்ன இது? காலையில பால் எடுக்கத் தொறந்தப்பகூடக் கத்துச்சே."

அவள் கீலைத் தொட்டாள். விரலில் கருப்பு ஒட்டியது. ஈரமாக இருந்தது. அந்த வாசனை.

"யாராவது வந்தாங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"யாரும் வரலையே. வந்திருந்தா கதவு சத்தம்..." தங்கை பாதியில் நிறுத்திவிட்டாள்.

"கார்ல ஏறுடி."

"இப்பதானேக்கா வந்தே?"

"செருப்புகூட வேணாம். ஏறு!"

இருவரும் ஏறினார்கள். எஞ்சின் உறுமியது. கார் நடுங்கியதே தவிர நகரவில்லை. மிதித்தாள். மீண்டும் மிதித்தாள். ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. தங்கை இறங்கிப் பின்பக்கம் போய், இடப்பக்கச் சக்கரத்தின் அருகே குனிந்தாள்.

"அக்கா, இங்க யாரு இத வெச்சது? செவப்பா, ஆப்பு மாதிரி ஒரு கட்டை..."

அவள் வாய் திறக்குமுன், காலியாக இருந்த பின்னிருக்கையிலிருந்து பிடரியில் மூச்சுப் பட்டது.